திங்கட்கிழமைக்கு ஒரு வசவு

மோப்தி படகுத்துறையில் யாரும் யாரையும் திட்டாமல் ஒரு நாள் விடிந்ததாகச் சரித்திரமே இல்லை. அன்றும் அப்படித்தான் விடிந்தது.

கருவாட்டுக் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு ராமாதா இடுப்பை நிமிர்த்தினாள். பக்கத்துக் கடை வெங்காயக்காரி யாகேனே அப்போதுதான் சாக்கை விரித்துக்கொண்டிருந்தாள்.

"இப்பத்தான் விடிஞ்சுதா உனக்கு? எங்க வீட்டு வேலைக்காரி இவ்வளவு நேரம் தூங்கினா எங்க மானம் என்னத்துக்கு ஆகுறது?" என்றாள் ராமாதா.

"யாரு, நான் வேலைக்காரியா? உங்க தாத்தா எங்க தாத்தா வீட்டு ஆட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தவர்தானே? அந்தக் கூடையைக் கொஞ்சம் தள்ளி வை. மீன் நாத்தத்துல என் வெங்காயம் மயக்கம் போட்டு விழுது."

"வெங்காயம் விழட்டும். நீ விழாம இருந்தாச் சரி. இந்தா, கம்பங்கஞ்சி. ஆறதுக்குள்ள குடி."

யாகேனே கஞ்சியை வாங்கிக் குடித்தாள். குடித்து முடித்த கையோடு, "உப்பே இல்லை. உங்க வம்சத்துக்கே சமைக்க வராது" என்று கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ராமாதாவின் மகள் கொரோதுமு, கவிழ்த்துப் போட்ட கூடை மேல் உட்கார்ந்து இதையெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். அவளுக்குப் பத்து வயது. நல்ல வசவு ஒன்று காதில் விழுந்தால் மிட்டாய் கிடைத்த மாதிரி அவளுக்கு.

கொரோதுமு குடும்பத்தார் போசோக்கள். மாலி நாட்டின் நைஜர் ஆற்றில் மீன் பிடிப்பதும் படகு விடுவதும் அவர்கள் வேலை. யாகேனே டோகோன். கிழக்கே பாந்தியாகராப் பாறைகளில் வெங்காயம் விளைவிப்பவர்கள் அவர்கள். போசோவும் டோகோனும் எங்கே பார்த்துக்கொண்டாலும் திட்டிக்கொள்ள வேண்டும். அது வழக்கம். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். கோபம் மட்டும் வரக்கூடாது. ஒருவர் கேட்டதை மற்றவர் இல்லை என்று சொல்லவும் கூடாது. நம் ஊர் மாமன் மச்சான் கேலி மாதிரிதான். காரம் மட்டும் பத்து மடங்கு.

இதில் கொரோதுமுவுக்கு ஒரே ஒரு குறை. அவள் வகுப்பில் டோகோன் பிள்ளை ஒன்றுகூட இல்லை. இருந்த ஒருத்தியும் போன வருஷம் தலைநகர் பமாக்கோவுக்குப் போய்விட்டாள். மனதில் சேர்த்து வைத்த வசவுகளை எல்லாம் யார்மேல் செலவழிப்பது? மற்ற பிள்ளைகளைச் சொன்னால் அடி விழும்.

அதனால்தான் யாகேனே சொன்ன அடுத்த சேதியில் அவள் துள்ளி எழுந்தாள்.

"என் பையன் அதிமே திங்கட்கிழமையிலேர்ந்து உங்க பள்ளிக்கூடத்துக்குத்தான் வர்றான், கொரோதுமு. பிறந்ததிலேர்ந்து வெளிநாட்டுல, லிப்ரவில்லிலேயே இருந்தவன். அவங்க அப்பாவுக்கு அங்கே கடை. நாங்க ரெண்டு பேரும் இங்கே வந்து ஒரு மாசம்தான் ஆகுது. அவனுக்கு யாரையும் தெரியாது. பாத்துக்க."

"நான் பாத்துக்கறேன் அத்தை" என்றாள் கொரோதுமு. அவள் கண் மின்னியது.

வீட்டில் ஆட்டுக்குட்டியை எதிரே நிறுத்தி வைத்து ஒத்திகை பார்த்தாள். குட்டி அவமானப்பட்டதாகத் தெரியவில்லை. அவள் பாவாடை நுனியைத் தின்றது.

திங்கட்கிழமை காலை அதிமே வந்தான். தேய்த்த வெள்ளைச் சட்டை, பளபளக்கும் காலணி. பக்கத்தில் போனால் சோப்பு வாசனை. சஃபியாது டீச்சர் அவனை வகுப்பில் விட்டுவிட்டு, முற்றத்தில் கோடு போடச் சாம்பல் எடுக்கப் போனார்.

சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் பெற்றோர் வரும் நாள். அதற்காக முற்றத்தில் சாம்பலால் மாலி நாட்டுப் படத்தைப் பெரிதாக வரைந்து, எந்த ஊரில் எது விளைகிறதோ அதை அந்த இடத்தில் வைப்பதாக ஏற்பாடு. யார் யார் எதைக் கொண்டுவர வேண்டும் என்று டீச்சர் ஏற்கெனவே பங்கு பிரித்துவிட்டார். வெங்காயம் மட்டும் பாக்கி இருந்தது. அதை அதிமேக்குக் கொடுத்திருந்தார்.

டீச்சர் வெளியே போனதுதான் தாமதம், கொரோதுமு எழுந்தாள். இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"வாங்க வாங்க. எங்க வீட்டு வேலைக்காரன் வந்துட்டான், எல்லாரும் பாத்துக்கங்க. உங்க தாத்தாவை எங்க தாத்தா ஒரு கூடை கருவாட்டுக்கு வாங்கினார். அதுவும் கூடை பாதிதான் நிறைஞ்சிருந்தது. ஏய், பாறையில தொங்குற ஓணான், தண்ணின்னா என்னன்னு தெரியுமா உனக்கு? கடைசியா எப்பக் குளிச்சே? போன மழைக்கா?"

வகுப்பே சிரித்தது. கொரோதுமு பெருமையோடு காத்திருந்தாள். இப்போது அவன் முறை. தவளை என்பானா, மீன்முள் என்பானா, இல்லை இதுவரை யாருமே சொல்லாத ஏதாவது ஒன்றா? ஆசையில் அவள் நுனிக்காலில் நின்றாள்.

அதிமே ஒன்றும் சொல்லவில்லை.

எல்லாரும் காத்திருந்தார்கள். அவன் தன் சட்டையைக் குனிந்து பார்த்தான். அவன் உதடு துடித்தது. நேரே கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். அன்று முழுவதும் வாயே திறக்கவில்லை.

"இவன் என்ன, ஊமையா?" என்று பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள்.

"தெரியலையே" என்றாள் கொரோதுமு. திட்டினால் பதில் திட்டாத ஒரு டோகோனை அவள் வாழ்நாளில் பார்த்ததே இல்லை. இப்படியும் ஒருத்தன் இருக்க முடியுமா என்று அவளுக்கு ஒரே யோசனையாக இருந்தது.

மறுநாள் அதிமே வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் துறையில் யாகேனே கண் வீங்கி உட்கார்ந்திருந்தாள். ராமாதா என்ன திட்டியும் அவளிடமிருந்து ஒரு வசவும் திரும்பி வரவில்லை.

"இங்கே இருக்க மாட்டேங்கறான் ராமாதா. அப்பாகிட்டயே போறேங்கறான். சனிக்கிழமை மத்தியான பஸ்ஸுல அவன் சித்தப்பா கிளம்பறார். அவரோட அனுப்புங்கறான். பள்ளிக்கூடத்துல எல்லாரும் அவனைப் பாத்துச் சிரிச்சாங்களாம். என்ன நடந்ததுன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறான். யாரு சிரிக்க வெச்சாங்கன்னு கேட்டாலும் சொல்ல மாட்டேங்கறான்."

கொரோதுமு யாகேனேவின் பக்கத்தில் வந்து நின்றாள். அவன் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"நான்தான் அத்தை" என்றாள்.

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அரைக் கூடை கருவாடு, ஓணான், குளியல் எல்லாவற்றையும். யாகேனே கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து ஒரு வெங்காயக் குவியலையே சரித்துவிட்டாள்.

"அட கடவுளே. அங்கே எங்க தெருவுல ஒரு போசோகூடக் கிடையாது. அவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? நான் சொல்லிக் குடுக்கணும்னே எனக்குத் தோணலையே. இன்னிக்கே போய்ச் சொல்றேன். எல்லாம் சரியாயிடும்."

சரியாகவில்லை. மறுநாள் யாகேனே இன்னும் சோர்ந்து போயிருந்தாள். வெங்காயச் சுமை ஏற்றிவர அவள் ஊருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் விளக்கிச் சொன்னேன். 'எல்லார் முன்னாடியும் அசிங்கப்படுத்திட்டு அதுக்குப் பேரு வழக்கமா?'ன்னு கேக்கறான். நான் என்னத்தைச் சொல்லுவேன்? நான் சனிக்கிழமை காலையிலதான் திரும்பி வருவேன். அவனை வழியனுப்பவாவது நேரத்துக்கு வந்து சேரணும்."

யோசித்துப் பார்த்தால் அவன் கேட்டது நியாயம்தான். கொரோதுமு அன்று பள்ளிக்கூடம் விட்டதும் அம்மாவின் கூடையிலேயே பெரிய மீனாகப் பொறுக்கினாள். நல்ல புகை போட்ட மீன். அதை இலையில் சுற்றிக்கொண்டு அதிமே வீட்டுக் கதவைத் தட்டினாள்.

கதவு பாதி திறந்தது.

"என்ன?" என்றான் அதிமே.

"மீன்."

"எதுக்கு?"

"சும்மா. உனக்குத்தான்."

அதிமே மீனைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"எங்க தாத்தாவை அரைக் கூடைக்கு வாங்கினதாச் சொன்னே. என்னை ஒரே மீனுக்கு வாங்கிடலாம்னு வந்துட்டியா?"

கொரோதுமுவின் முகம் மலர்ந்தது. "அட, நல்லா வருதே உனக்கு. இன்னொண்ணு சொல்லு."

கதவு படாரென்று மூடியது. மீனோடு அவள் வெளியே நின்றாள். தெருப் பூனை ஒன்று அவள் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது.

வெள்ளிக்கிழமை அவளுக்கு வேறொரு தலைவலி சேர்ந்தது. படத்துக்கு உப்புக் கொண்டுவர வேண்டியவள் அவள். கடைசியில் சமையலறை உப்பை ஒரு கிண்ணத்தில் கொண்டுபோய்க் காட்டினாள். டீச்சர் இது ஆகாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

"இது பொட்டலத்துல வந்த உப்பு. நம்ம வடக்குப் பாலைவனத்துல வெட்டி எடுக்கறாங்களே, பலகை பலகையா, அதுதான் வேணும். உங்க சொந்தக்காரங்கதானே அதைப் படகுல கொண்டுவர்றாங்க?"

சொந்தக்காரர்தான். கொரோதுமுவின் பெரியப்பா காலிலு. பாலைவனத்திலிருந்து ஒட்டகத்தில் டிம்பக்டுவுக்கு வரும் உப்புப் பலகைகளை அங்கிருந்து ஆற்று வழியே மோப்திக்குக் கொண்டுவருகிறவர். ஒவ்வொரு பலகையும் கொரோதுமுவின் நெஞ்சு உயரம் இருக்கும். அவர் படகு அன்று காலைதான் கரை சேர்ந்திருந்தது.

ஆனால் காலிலு பெரியப்பாவிடம் ஏதாவது கேட்டு வாங்கியவர்கள் இன்னும் பிறக்கவில்லை.

"பெரியப்பா, ஒரு சின்ன மூலைத் துண்டு" என்று கெஞ்சினாள் கொரோதுமு.

"மூலை போனா பலகை போச்சு. மூளிப் பலகையை எவன் வாங்குவான்?"

"பள்ளிக்கூடத்துக்குப் பெரியப்பா."

"பள்ளிக்கூடம் உப்புப் போட்டா சாப்பிடுது? போ, போ, காலுக்குள்ள நிக்காதே."

அவள் திரும்பவும் கேட்டாள். அவர் திரும்பவும் போ என்றார். அம்மா வந்து சொன்னால்கூட அவர் மசிய மாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

கரையில் உட்கார்ந்து ஆற்றில் கல் எறிந்துகொண்டிருந்தபோதுதான் அது தோன்றியது. போசோக்காரி கேட்டால் பெரியப்பா மறுப்பார். டோகோன்காரர் கேட்டால் மறுக்க அவருக்கு வழியே இல்லை.

துறையில் டோகோன்காரர்கள் இல்லாமல் இல்லை. அதோ அந்த மூட்டை தூக்குகிறவரைக் கேட்டால்கூடச் சிரித்துக்கொண்டே வருவார். கொரோதுமு அவர் பக்கம் இரண்டடி வைத்தாள். பிறகு நின்றாள். கையில் இருந்த கல்லைக் கீழே போட்டுவிட்டு வேறு பக்கமாக ஓடினாள்.

அதிமே வீட்டு வாசலில் ஒரு பெட்டி தயாராக நின்றது. அதிமே அதன் மேலேயே உட்கார்ந்திருந்தான்.

"மறுபடியும் மீனா?" என்றான்.

"இல்லை. எனக்கு ஒரு உதவி வேணும்."

"என்ன உதவி?"

"எங்க பெரியப்பாவைத் திட்டணும்."

அதிமே அவளை ஏற இறங்கப் பார்த்தான். "எதுக்கு?"

"உப்புக்கு."

"திட்டினா உப்புக் குடுப்பாங்களா?"

"நான் திட்டினா அறைதான் குடுப்பார். நீ திட்டினா உப்பு குடுப்பார்."

"அது எப்படி?"

"வந்து பாரு."

அதிமே எழுந்திருக்கவில்லை. ஆனால் யோசித்தான். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும், திட்டினால் உப்பு கிடைக்கும் ஊரை ஒரு தடவை பார்க்காமல் பஸ் ஏறுவது எப்படி?

"ஒரே தடவைதான்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினான்.

அவன் துறைக்கு வந்ததே இல்லையாம். போகும் வழியெல்லாம் கேள்வி கேட்டான். அந்தக் குடுவையெல்லாம் எங்கிருந்து வருது? அந்தப் படகுக்கு ஏன் கூரை? அந்த மாடுங்க ஆத்தைத் தாண்டி எங்கே போகுது? கொரோதுமுவுக்குத் தெரிந்ததைச் சொன்னாள். தெரியாததற்கு, "அது அப்படித்தான்" என்றாள்.

"எல்லாமே இங்கே வந்துதான் சேருதா?" என்றான் அதிமே.

"வேற எங்கே போகும்? ஆறு இங்கேதானே இருக்கு."

காலிலு பெரியப்பா முதுகைக் காட்டிக்கொண்டு உப்புப் பலகைகளைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். அகலமான முதுகு. அதிமே கொரோதுமு பக்கம் குனிந்தான்.

"என்ன சொல்லணும்?"

"எது வேணும்னாலும். மனசுக்கு வந்ததை."

அதிமே இரண்டடி முன்னால் போனான். தொண்டையைக் கனைத்தான்.

"ஐயா, வணக்கம். மன்னிச்சுக்கங்க. நீங்க... உங்க மேல கொஞ்சம் மீன் நாத்தம் அடிக்குது."

சுற்றிலும் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். காலிலு மெல்லத் திரும்பினார். அவர் புருவம் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன.

"நீ யாரு வீட்டுப் பையன்?"

"அதிமே. அதிமே தெம்பெலி."

"தெம்பெலியா?"

"ஆமாங்க ஐயா."

தெம்பெலி என்பது டோகோன் குடும்பப் பெயர். காலிலுவின் முகத்தில் இருந்த சுருக்கம் ஒவ்வொன்றாக இடம் மாறியது. தலையைப் பின்னால் சாய்த்து அவர் சிரித்த சிரிப்பில் படகே ஆடியது.

"கேட்டீங்களாய்யா? பாந்தியாகராப் பாறையிலேர்ந்து ஒரு வெங்காயத்தோல் காத்துல பறந்து வந்து என் படகுல ஒட்டிக்கிச்சு. அது வணக்கம் வேற சொல்லுது. டேய், உங்க பாட்டன் ஆத்தைப் பாத்துட்டு 'இவ்வளவு பெரிய சட்டியில யாரு கஞ்சி காய்ச்சினது'ன்னு கேட்டவன்டா. உனக்கு என்னடா வேணும் என் படகுகிட்ட?"

துறையே சிரித்தது. அதிமேயின் காது சூடானது. இதே சிரிப்புத்தான், திங்கட்கிழமை கேட்ட அதே சிரிப்பு. அவன் ஓடிவிடத்தான் திரும்பினான். பின்னால் கொரோதுமு நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"பதில் சொல்லு" என்று கிசுகிசுத்தாள். "எல்லாரும் உனக்காகத்தான் காத்திருக்காங்க."

அதிமே சுற்றிலும் பார்த்தான். மெய்தான். மூட்டைக்காரர்கள், மாங்காய் விற்கும் பெண், துடுப்பில் சாய்ந்து நின்ற பையன்கள் எல்லாரும் அவன் வாயையே பார்த்தார்கள். அந்த முகங்களில் கேலி இல்லை. ஆசைதான் இருந்தது. பெரியப்பா முகத்தில் இன்னும் அதிகமாக இருந்தது.

அவன் படகைப் பார்த்தான்.

"இதையா படகுன்னு சொல்றீங்க?" என்றான். "லிப்ரவில் துறைமுகத்துல நான் கப்பல் பாத்திருக்கேன். அதுல சோறு போடற தட்டு இதைவிடப் பெரிசு. இதுல உப்பு ஏத்தறீங்களே, பாவம், அது பயத்துலயே கரைஞ்சிருக்கும்."

மாங்காய் விற்கும் பெண் தலையிலிருந்த கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூட்டைக்காரர் ஒருவர் மூட்டையைக் கீழே போட்டுவிட்டுத் தொடையில் தட்டினார். "காலிலு, முடிஞ்சது உன் கதை" என்று யாரோ கத்தினார்கள்.

அதிமேக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் சொன்னதற்காகவா இவ்வளவு பேர் சிரிக்கிறார்கள்? அவன் வாயும் தானாக விரிந்துகொண்டது.

"சரி, சொல்லித் தொலை. என்ன வேணும்?" என்றார் காலிலு, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"உப்பு. மூலைத் துண்டு ஒண்ணு."

காலிலு கொரோதுமுவைப் பார்த்தார். அதிமேயைப் பார்த்தார். மறுபடி கொரோதுமுவைப் பார்த்தார்.

"ஓகோ. ஆள் பிடிச்சுக்கிட்டு வந்திருக்கியா நீ?"

கொரோதுமு வானத்தைப் பார்த்தாள்.

அவர் முணுமுணுத்துக்கொண்டே ரம்பத்தை எடுத்தார். பலகையின் மூலையை அறுக்கும்போது தன் பல்லையே பிடுங்குவது மாதிரி முகத்தைச் சுளித்தார். ஆனால் கொடுத்த துண்டு சின்னதாக இல்லை. அதை அதிமே கையில் வைத்துவிட்டு, அதன் மேல் பெரிய மீன் ஒன்றையும் வைத்தார்.

"இது எதுக்கு?" என்றான் அதிமே.

"எங்க வீட்டு வேலைக்காரன் இப்படி எலும்பும் தோலுமா இருந்தா ஊர் என்னைத்தான் பேசும். சாப்பிடு, போ. உங்க அம்மா வந்ததும் சொல்லு, பையனை நல்லாத்தான் வளத்திருக்கான்னு."

திரும்பி வரும்போது அதிமே ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உப்பை நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தான். கொஞ்சம் கசந்தது. தெருமுனையில் நின்றான்.

"அன்னிக்கு வகுப்புல எல்லாரும் சிரிச்சாங்களே. அப்பவும் இப்படித்தான் காத்திருந்தாங்களா?"

"ஆமா. நானும்தான். ரொம்ப நேரம் காத்திருந்தேன்." கொரோதுமு கால் விரலால் மண்ணைக் கிளறினாள். "உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாது. நீ குளிச்சிட்டுத்தான் வந்திருந்தே, சோப்பு வாசனை வந்தது. அதைப் பாத்துட்டும் சொன்னேன். உன்னை அழ வெச்சுட்டேன். அது எனக்குப் பிடிக்கவே இல்லை."

அதிமே உப்பை அவளிடம் கொடுத்தான். மீனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனான். பெட்டி வாசலிலேயே நின்றது.

சனிக்கிழமை முற்றம் முழுவதும் மாலி நாடு படுத்திருந்தது. தெற்கே பஞ்சும் மாம்பழமும். நடுவில் நெல். மேற்கே தங்கத்துக்குப் பதிலாக டீச்சரின் மோதிரம், அதற்குக் காவலாக ஒரு பையன். வடக்கே பெரிய மணல் பரப்பு. அதன் தலைமாட்டில் காலிலு பெரியப்பாவின் உப்பு. நைஜர் ஆற்றுக்காகப் பள்ளம் தோண்டித் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள்.

மோப்திக்குக் கிழக்கே மட்டும் வெறும் சாம்பல் வட்டம். பாந்தியாகரா. வேறு யாராவது வெங்காயம் கொண்டுவரட்டுமா என்று பிள்ளைகள் கேட்டதற்கு டீச்சர் வேண்டாம் என்றுவிட்டார்.

பெற்றோர்கள் வந்து சுற்றி நின்றார்கள். ராமாதா வந்தாள். யாகேனேவும் ஊரிலிருந்து வந்த களைப்போடு வாசல் பக்கம் நின்றாள். வீட்டில் அதிமேயும் இல்லை, அவன் சித்தப்பாவும் இல்லை, வாசலில் பெட்டியும் இல்லை என்று ராமாதாவிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லாமல் பஸ் நிலையத்துக்குப் போய்விட்டார்களோ என்றாள். அது கொரோதுமுவின் காதில் விழுந்தது.

அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் அவள் முறை வந்துவிட்டது. சுரைக்குடுக்கைப் படகில் ஒரு துளி உப்பை வைத்துக் கயிற்றைப் பிடித்து, டிம்பக்டுவிலிருந்து மோப்திக்கு ஆற்று வழியே மெதுவாக இழுத்துக்கொண்டு வந்தாள்.

"இது உப்புப் படகு" என்றாள். "மோப்தியில உப்பை இறக்கிட்டு, கிழக்கேயிருந்து வர்ற வெங்காயத்தை..."

அங்கே நின்றுவிட்டாள். வட்டம் காலியாக இருந்தது. மேலே என்ன சொல்வது?

"அங்கேயே நில்லு, தவளைக்குட்டி."

எல்லாரும் திரும்பினார்கள். வாசலில் அதிமே. தலையில் ஒரு கூடை நிறைய வெங்காயம். பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் சித்தப்பா, மூச்சு வாங்க நின்றார். சந்தை முழுக்க அலையவிட்டுவிட்டான், பாந்தியாகரா வெங்காயம்தான் வேண்டும் என்று, என யாரிடமோ புகார் சொன்னார்.

அதிமே கூட்டத்துக்கு நடுவில் நடந்து வந்தான். கூடையை இறக்கினான். இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டான்.

"எங்க தாத்தாவை அரைக் கூடை கருவாட்டுக்கு வாங்கினதாச் சொன்னியே. உங்க தாத்தாவை எங்க தாத்தா வாங்கவே இல்லை. சும்மாவே குடுத்தாங்க. நாத்தம் தாங்காம அவரும் திருப்பி அனுப்பிட்டார்."

முற்றம் சிரிப்பில் அதிர்ந்தது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ராமாதா யாகேனேவின் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

கொரோதுமு கயிற்றைக் கீழே போட்டாள். இவ்வளவு அழகான வசவை அவள் மோப்தித் துறையில்கூடக் கேட்டதில்லை. அதுவும் அவளுக்கென்றே செய்தது. சந்தோஷத்தில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இது சும்மா" என்றான் அதிமே. குனிந்து சாம்பல் வட்டத்தில் வெங்காயத்தை ஒவ்வொன்றாக அடுக்கினான். "நல்லதா ஒண்ணு இருக்கு. அதைத் திங்கட்கிழமைக்கு வெச்சிருக்கேன்."

வாசல் பக்கம் யாகேனே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"திங்கட்கிழமையா? டேய், அப்போ பஸ்?" என்றார் சித்தப்பா.

"நீங்க போயிட்டு வாங்க சித்தப்பா" என்றான் அதிமே, தலையை நிமிர்த்தாமலே. "அப்பாவுக்கு அந்த மீனைக் குடுத்துடுங்க. வறுத்து வெச்சிருக்கேன்."

அன்று சாயங்காலம் கொரோதுமு வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ஆட்டுக்குட்டியைத் தேடிப் பிடித்தாள். எதிரே நிறுத்தினாள். திங்கட்கிழமைக்கு இன்னும் ஒரே நாள்தான் இருந்தது.